சிசிலித் தீவின் உணவும் மதுவும்



இத்தாலி நாட்டின் படத்தை நோக்குவோர் அதனை நீண்டதொரு காலணிக்கு ஒப்பிடுவது வழக்கம். அக்காலணியின் முனைக்கருகே, உதைபடக் காத்திருக்கும் கல்லைப்போல முக்கோண வடிவாகக் கிடப்பது சிசிலித் தீவு. மத்தியதரைக் கடலில் அதனினும் பெரிய தீவு வேறொன்றில்லை. அதன் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. இத்தாலியப் பெருநிலத்தினின்றும் அதனைப் பிரிக்கும் மெஸ்ஸினா நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரே அகலமுடையது. அத்தீவின் உணவு வகைகளையும் திராட்சை மதுவையும் காட்டுவதற்கென்றே அமைந்த எட்டு நாள் சுற்றுலா ஒன்றில், 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நானும் சேர்ந்து சென்றேன்.

புலாலும் மதுவும் தீண்டாத ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், நெடுங்காலம் சரித்திரபாடம் நடத்தியவனுக்குக் கல்வெட்டைப் போலவே கறிச்சட்டியும் ஒரு சான்றாகத் தோன்றுவது இயல்பு. மதுவின் கதையை அறிய மதுவை அருந்த வேண்டும் என்ற விதியும் இல்லை. எங்களுடன் வந்த மற்றப் பதினொருவரும் என் பங்கையும் சேர்த்துச் சுவைத்தனர். ஆதலின் எவருக்கும் நட்டமில்லை.

எங்கள் வழிகாட்டி, தீவின் தலைநகராகிய பலெர்மோவிற் பிறந்து வளர்ந்த அம்மையார் ஒருவர். நான் ஆசிரியனாக இருந்தவன் என்று அறிந்ததும் என்னைப் ‘புரொபெஸ்ஸோரே’ என்றே அழைக்கலானார். அந்நாட்டில் பள்ளியாசிரியருக்கும் அந்தப் பட்டம் உண்டு. முதல் நாட்காலை அவர் எங்களைப் பல்லாரோ என்னும் பழஞ்சந்தைக்கு அழைத்துச் சென்றார். இருபுறமும் மீன், கத்தரிக்காய், ஒலிவக்காய், எலுமிச்சை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றின் குவியல்கள். கடைக்காரர் தம் சரக்கின் பெயரைப் பாட்டைப்போல் இழுத்துக் கூவுகின்றனர். ஒரு மூலையில், பெரிய இருப்புச் சட்டியில் மெல்லிய மஞ்சள் வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தனர். ‘பனெல்லே’ என்பது அதன் பெயர். கடலை மாவை நீரில் கரைத்துக் களியாகக் கிண்டி, பலகையிற் பரப்பி, ஆறியபின் துண்டிட்டு எண்ணெயில் இடுகின்றனர். எடுத்ததும் ரொட்டிக்கு நடுவே வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கின்றனர். பலெர்மோவின் ஏழைத் தொழிலாளிக்கு இது காலையுணவு, மாணவனுக்கும் இதுவே. எனக்கும் அவ்வெட்டு நாளில் பலமுறை இதுவே துணை செய்தது.

சந்தையில் மற்றொரு பண்டமும் கண்டேன். சோற்றை உருண்டையாக்கி, உள்ளே பூரணம் வைத்து, ரொட்டித்தூளிற் புரட்டிப் பொரித்தது. உருவத்தாலும் நிறத்தாலும் சிறிய நாரத்தம்பழத்தை ஒப்பது, பெயரும் அதுவே. பலெர்மோவார் அதனை ‘அரஞ்சீனா’ என்று பெண்பாலில் வழங்குவர். தீவின் கீழ்க்கரையிலுள்ள கத்தானியா நகரத்தார் ‘அரஞ்சீனோ’ என்று ஆண்பாலில் வழங்குவர். எது சரி என்பதில் இரு நகரத்தாருக்கும் தீராத வழக்கு. இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அவ்வழக்கில் பேரின்பம். ஆனால் அதனினும் சுவையான செய்தி அச்சொல்லின் வேரில் இருக்கிறது. இத்தாலியரின் ‘அரஞ்சா’ அரபியரின் ‘நாரஞ்ச்’ என்பதினின்றும், அது பாரசீகத்தினின்றும், அது வடமொழியின் ‘நாரங்க’ என்பதினின்றும் வந்தது. வடமொழிக்கு அச்சொல் திராவிட மொழிகளிலிருந்தே சென்றிருத்தல் கூடும் என்பது மொழிநூலார் பலருடைய கருத்து. நம் நாரத்தை, பல மொழிகளைக் கடந்து, கடல் கடந்த அத்தீவின் எண்ணெய்ச் சட்டியில் உருண்டுகொண்டிருக்கிறது.

கத்தரிக்காயும் கரும்பும் எலுமிச்சையும் இவ்வாறே கிழக்கிலிருந்து சென்றவை. கொண்டு சென்றவர் அரபியர். அவர்கள் கி.பி. 827இல் தீவின் தென்மேற்குக் கரையில் இறங்கி, 831இல் பலெர்மோவைக் கைப்பற்றினர். நார்மானியர் 1072இல் அந்நகரை வெல்லும்வரை அது அவர்கள் ஆட்சியில் இருந்தது. அரபியர் விதைகளோடு நீர்ப்பாசனக் கலையையும் கொண்டுவந்தனர் என்பதே முக்கியம். வறண்ட கோடையையுடைய அந்நாட்டில் எலுமிச்சை தானாக வாழாது. பலெர்மோவின் தரைக்கடியில் நீரைக் கொண்டு செல்லும் பழஞ்சுரங்கக் கால்வாய்கள் இன்றும் உள்ளன. அவற்றுட் சிலவற்றிற் பயணிகள் இறங்கியும் பார்க்கலாம். தோட்டங்களில் நீரைத் தேக்கும் தொட்டியைச் சிசிலி உழவர் இன்றும் ‘ஜெப்பியா’ என்றே சொல்லுகின்றனர். அஃது அரபுச் சொல். ஆண்டவர் அகன்றாலும், அவர் வெட்டிய தொட்டியும் அதன் பெயரும் உழவனிடம் தங்கிவிட்டன.

‘பாஸ்தா’ என்னும் கோதுமைப் பண்டத்தைச் சீனாவிலிருந்து மார்க்கோ போலோ இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்னும் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அது கட்டுக்கதை. மார்க்கோ போலோ வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, 1154இல், சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜர் என்னும் நார்மானிய மன்னருக்காகப் பெரியதொரு பூகோள நூலை எழுதி முடித்தார் அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர். பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரியா’ என்னும் உலர்ந்த கோதுமை இழை பெருமளவிற் செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுவதாக அந்நூல் குறிக்கிறது. கிறித்தவ அரசர், முஸ்லிம் ஆசிரியர், இருவருக்கும் பொதுவான கோதுமை! மாணவர்களே, கேட்பதற்கு இனிய கதைக்கும் ஆண்டு குறித்த சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்கு அகப்படவில்லை.

இனிக் கோதுமைக்கு வருவோம். சிசிலியின் உட்பகுதியில் வண்டி செல்லச் செல்ல, அலையலையாய் எழுந்து தாழும் குன்றுகள். அறுவடை முடிந்த தாள் நிலம். கண்ணுக்கெட்டியவரை ஒரு மரமில்லை, ஒரு வீடுமில்லை. கி.மு. 241இல் இத்தீவு உரோமரின் கைக்குப் போயிற்று. இத்தாலிக்கு வெளியே அவர்கள் அடைந்த முதல் மாகாணம் இதுவே. இதன் தானியம் உரோம் நகருக்குச் சோறு போட்டது. தானியத்தை விளைவித்த அடிமைகள் கி.மு. 135இல் கிளர்ந்தெழுந்து, அடக்கப்பட்டனர். வெர்ரெஸ் என்னும் ஆளுநன் குடியானவரின் கோதுமையை எவ்வெவ்வாறெல்லாம் பறித்தான் என்பதைச் சிசெரோ என்னும் நாவலர் கி.மு. 70இல் வழக்காடி வெளிப்படுத்தினார். இலத்தீன் பயில்வோர் அவ்வுரைகளை இன்றும் பாடமாகப் படிக்கின்றனர்.

உரோமர் போயினர், பிறர் வந்தனர். நிலம் மட்டும் உழுதவனிடம் வரவில்லை. நகரங்களில் வாழ்ந்த பெருநிலக்கிழார், நிலத்தைக் குத்தகைக்காரரிடம் விட்டனர். அவர் அதனைத் துண்டு துண்டாக உழவரிடம் விட்டார். இருவருக்கும் அளந்தபின் எஞ்சியதே உழவனுக்கு. கோதுமைக் களஞ்சியமாகிய தீவில் கோதுமை விளைவித்தவன் பசித்திருந்தான். இதற்குச் சான்று வேண்டுவோர் சமையலைப் பார்க்கலாம். அங்கே பாஸ்தாவின்மேல் பாலாடைக்கட்டித் துருவலுக்கு மாறாக, பழைய ரொட்டியைப் பொடித்து எண்ணெயில் வறுத்துத் தூவுகின்றனர். பாலாடைக்கட்டி வாங்க வகையில்லாதவரின் கண்டுபிடிப்பு அது. செல்வர் ‘பெக்காபிகோ’ என்னும் சிறு பறவையைப் பூரணம் வைத்து உண்டனர். அது கிட்டாத ஏழையர் மலிவான மத்தி மீனைச் சுருட்டி, வாலைப் பறவையின் வால்போல் நிமிர்த்தி வைத்து, அதே பெயரிட்டு உண்டனர். இன்று உயர்ந்த விடுதிகளில் இவை நல்ல விலைக்கு விற்கின்றன. எங்கள் குழுவினர் மெச்சி மெச்சி உண்டனர். வழிகாட்டி அம்மையார் மட்டும், தம் பாட்டியார் இதைக் கண்டால் சிரிப்பார் என்றார்.

மற்றொரு வழக்கம் என் மனத்தை விட்டு அகலாதது. ஆண்டுதோறும் டிசம்பர் 13ஆம் நாள், புனித லூசியாவின் திருநாளன்று, பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் உண்பதில்லை. முழுக் கோதுமையை ஊறவைத்து வேகவைத்து, ‘ரிக்கோத்தா’ என்னும் இளம் பாலாடையும் சர்க்கரையும் சேர்த்து உண்பர். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தானியக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வந்து நிற்க, மாவரைக்கும் வரை பொறுக்கமாட்டாத மக்கள் கோதுமையை அப்படியே வேகவைத்து உண்டனராம். இக்கதை வாய்மொழி. ஆனால் அப்பசி உண்மை.

‘நிலம் இன்று யாருடையது?’ என்று அம்மையாரைக் கேட்டேன். ‘அதற்கு ஐந்தாம் நாள் வரை பொறுங்கள், புரொபெஸ்ஸோரே, அன்று மலைமேல் செல்கிறோம்’ என்றார்.

இடைப்பட்ட நாட்களில் மேற்குக் கரையைப் பார்த்தோம். திராப்பானி ஊரில் மீன் குழம்போடு உண்ணும் ‘கூஸ்கூஸ்’, வட ஆப்பிரிக்கா எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதைக் காட்டும். அப்பால் உப்பளங்களும் காற்றாலைகளும். அதற்கும் தெற்கே மார்சாலா. இப்பெயரைக் கேட்டதும் நம் மசாலாவை நினைந்து சிரிக்காத தமிழர் இரார். இரண்டும் அரபு வேரினவே, ஆயினும் உறவில்லை. ‘மார்சா’ என்பது துறைமுகம். 1773இல் ஜான் உட்ஹவுஸ் என்னும் ஆங்கில வணிகர் இவ்வூர் மதுவைத் தம் நாட்டுக்கு அனுப்ப விரும்பினார். நெடுங்கடற் பயணத்தில் திராட்சை மது புளித்துவிடும். அதனால் காய்ச்சி வடித்த சாராயத்தை அதனோடு கலந்தார். சாராயம் மிகுந்தால் நுண்ணுயிர்கள் வேலைசெய்ய இயலாது, மது கெடாது. நெல்சன் தம் கப்பற்படைக்கு இதனை வாங்கினார். பின்னர் 1833இல் புளோரியோ என்னும் இத்தாலியக் குடும்பத்தார் தாமும் இத்தொழிலில் இறங்கினர். கடலோரத்தில் அவர்கள் கட்டிய மது நிலவறையில் மரப்பீப்பாய்கள் வரிசை வரிசையாகக் கோயில் மண்டபத் தூண்களைப்போல் நிற்கின்றன. குழுவினர் நான்கு வகை சுவைத்தனர். நான் பீப்பாய்களை எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். எட்னா எரிமலையின் கரிய மண்ணில் வளரும் திராட்சையையும் பின்னர்க் கண்டோம். அது தனிப் பேச்சுக்கு உரியது.

எலுமிச்சைக்கும் ஒரு பின்கதை உண்டு. கடலோடிகளை வருத்திய ‘ஸ்கர்வி’ நோய்க்கு எலுமிச்சைச் சாறு மருந்தென்று தெளிந்து, 1795இல் பிரிட்டிஷ் கடற்படை அதனைக் கப்பல்தோறும் வழங்க ஏற்பாடு செய்தது. பின் வந்த நூற்றாண்டில் சிசிலி எலுமிச்சைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் விலை. பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்குப் ‘பொற்சிப்பி’ என்று பெயர். அக்காலத்தில் அது பெரிதும் எலுமிச்சைத் தோட்டமாக இருந்தது. மதில் சூழ்ந்த தோட்டத்துக்குக் காவலன் வேண்டும்; வாய்க்காலில் நீர் முறைவைத்துத் திறப்பவன் வேண்டும். நீரை நிறுத்தினால் ஒரு கோடையில் தோட்டம் பட்டுப்போகும். அரசின் கை எட்டாத இடத்தில், காவலனே மிரட்டுபவனானான். காசு கொடுத்தவன் தோட்டம் பிழைத்தது. கொடாதவன் மரங்கள் வெட்டுண்டன. எதிர்த்தவன் மதிலோரத்தில் சுடப்பட்டான். 1876இல் அங்குச் சென்று ஆராய்ந்த பிராங்கெத்தி என்பார் இதனை விரிவாக எழுதியிருக்கின்றார். மாபியா என்று உலகம் அறிந்த கூட்டம் வேரூன்றிய இடங்களில், மணமிக்க அத்தோட்டங்களும் ஒன்று என்பது சரித்திர ஆசிரியர் பலரின் முடிவு. திரைப்படங்களில் மாபியாவைக் கண்டு வியக்கும் இளைஞர்கள் இதனைச் சற்று எண்ணவேண்டும். ஏழை உழவனின் தண்ணீர் மடையில் காவல் நின்று காசு பறித்தவன் எவ்வகையில் வீரனாவான்?

ஐந்தாம் நாள் வந்தது. பலெர்மோவுக்குத் தெற்கே மலைமேலுள்ள ‘பியானா தெலி அல்பனேசி’ என்னும் சிற்றூருக்குச் சென்றோம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கியருக்கு அஞ்சி அல்பேனியாவிலிருந்து வந்தோர் அமைத்த ஊர். இன்றும் அவர்கள் தம் தாய்மொழியைப் பேசுகின்றனர். தெருப்பலகைகளும் இரு மொழியில் உள்ளன. இவ்வூரின் ‘கன்னோலி’ தீவு முழுதும் புகழ்பெற்றது. மாவைக் குழல்போற் சுருட்டிப் பொரித்து, கேட்ட பின்னரே உள்ளே இனிப்பு ரிக்கோத்தாவை நிரப்புகின்றனர். முன்னரே நிரப்பினால் குழல் நமுத்துவிடும். ஒன்றை முழுதும் உண்பது எளிதன்று, அவ்வளவு பெரிது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ‘போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திரா’ என்னும் கணவாய். அம்மையார் வண்டியை நிறுத்தச் சொன்னார். காற்று வீசும் வெட்டவெளி. புல்லிடையே நிமிர்ந்து நிற்கும் பெருங்கற்கள். இரண்டாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1944இல், தரிசாகக் கிடக்கும் பெருநிலங்களை உழவர் சங்கங்கள் பயிரிடலாம் என்று அரசு ஆணை பிறப்பித்தது. உழவர்கள் கொடிபிடித்து நிலங்களிற் புகுந்தனர். 1947ஆம் ஆண்டு மே முதல் நாள், சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கட்டுச்சோற்று மூட்டைகளோடு இவ்விடத்திற் கூடினர். பார்பாத்தோ என்னும் மருத்துவர் முற்காலத்தில் நின்று பேசிய பாறையருகே கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், மலைமேலிருந்து துப்பாக்கிக் குண்டுகள் பொழிந்தன. பதினொருவர் இறந்தனர், அவருட் சிறுவரும் உண்டு. சுட்டது ஜூலியானோ என்னும் கொள்ளைத் தலைவனின் கூட்டம். ஏவியவர் யார் என்பதைப் பற்றிய வழக்கும் வாதமும் இன்னும் ஓயவில்லை. கன்னோலியின் இனிப்பு வாயில் இருக்கும்போதே அக்கற்களில் பெயர்களைப் படித்தோம். எங்களுள் எவரும் பேசவில்லை.

1950இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. பலருக்குக் கிட்டியது மேட்டுநிலத் துண்டு. அதனை விட்டு வட இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கச் சென்றோர் மிகப் பலர். மாபியாவோ நிலத்தையும் பணத்தையும் பெருக்கிக்கொண்டே வந்தது. அதனைச் சிறையிலடைத்தாற் போதாது, சொத்தைப் பறிக்கவேண்டும் என்று கண்டவர் பியோ லா தோரே. ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்து, நில உரிமைப் போராட்டத்திற் சிறை சென்று, பாராளுமன்ற உறுப்பினரானவர். அவர் எழுதிய சட்டம் நிறைவேறியது 1982 செப்டம்பரில். அதைக் காண அவர் இல்லை. ஏப்ரல் 30ஆம் நாளே சுட்டுக் கொல்லப்பட்டார். பறித்த சொத்தைப் பொதுநலத்துக்குப் பயன்படுத்தவேண்டும் என்னும் அடுத்த சட்டம், பத்து இலட்சம் மக்கள் கையொப்பமிட்டுக் கேட்டதன் பயனாக 1996இல் வந்தது.

கணவாயைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கினால் சான் ஜுசெப்பே யாத்தோ. ஒருகாலத்தில் மாபியாத் தலைவர்களின் ஊர் என்று பெயரெடுத்தது. அவர்களிடமிருந்து பறித்த நிலங்களில் இன்று கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமையும் கடலையும் திராட்சையும் பயிரிடுகின்றன. 2001இல் தோன்றிய முதற் சங்கத்துக்குப் பிளாசிதோ ரிஸ்ஸொத்தோ என்று பெயர். 1948இல் கொலையுண்ட தொழிற்சங்கத் தலைவர் அவர். அவர் எலும்புகள் அடையாளம் காணப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது 2012இல்தான். அங்குள்ள மது ஆலையின் பெயர் ‘சென்தோபாஸ்ஸி’. நூறு காலடி என்பது பொருள். சீனிசி என்னும் ஊரில், மாபியாத் தலைவனின் வீட்டுக்கு நூறு காலடித் தொலைவில் வாழ்ந்த பெப்பினோ இம்பஸ்தாத்தோ என்னும் இளைஞரை அது நினைவூட்டுகிறது. அவர் சிறு வானொலி நிலையம் ஒன்றை நிறுவி, அத்தலைவனை நாள்தோறும் எள்ளிப் பேசினார். 1978 மே 9ஆம் நாள் கொல்லப்பட்டார். வானொலியிற் பேசுகிற நான் இதனைக் கூறாது விடுதல் முறையன்று.

ஆலையில் எங்களுக்கு விளக்கம் தந்தவர் முப்பது வயதுள்ள பெண்மணி. தொடக்கத்தில் இந்நிலங்களில் வேலைக்கு வரப் பலர் அஞ்சினர் என்றார். சம்பளச் சீட்டும் காப்புறுதியும் உள்ள வேலை என்று தெரிந்தபின் மெல்ல வந்தனராம். பகலுணவுக்கு அந்நிலத்துக் கோதுமைப் பாஸ்தா, அந்நிலத்துக் கொண்டைக்கடலைச் சாறு, அந்நிலத்து வெண்திராட்சை மது. குழுவினர் குவளைகளை உயர்த்தினர். நான் தண்ணீரை உயர்த்தினேன். இந்த மதுவை வாங்குவதே ஒரு நற்செயல் என்று எங்களுள் ஒருவர் புகழ்ந்தார். அப்பெண்மணிக்கு அது பிடிக்கவில்லை. ‘இரக்கத்துக்காக ஒருமுறை வாங்குவீர்கள், மறுமுறை வாங்கமாட்டீர்கள். மது நன்றாயிருக்கிறதா என்று சொல்லுங்கள்’ என்றார். நன்றாயிருக்கிறது என்று பதினொருவரும் சொன்னார்கள். நான் கடலையைப் பற்றிச் சாட்சி சொன்னேன். குழைய வெந்து, தோல் பிரியாமல் இருந்தது. ஒரு பொட்டலம் விலைக்கு வாங்கிக்கொண்டேன். அன்று திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. பறித்த கொத்துகள் வெயில் ஏறுமுன் ஆலைக்கு வந்துசேர வேண்டுமென்று சொல்லி, அவர் எங்களை விட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார்.